தைராய்டு இருந்தால் மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா?

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தொடவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தினமும் காலையில் அந்த மாத்திரை போடுகிற ஆள்தான். எப்போதாவது கிழங்கும் சாப்பிடுவேன், ஆனால் பக்குவம் பார்த்து.

கிழங்கில் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெட்டும்போதும் துருவும்போதும் கிழங்கிலேயே உள்ள நொதி அதோடு சேர்ந்து சயனைடைப் பிரித்துவிடும். அதில் கொஞ்சம் வயிற்றுக்குள் போனால் உடம்பு அதைத் தயோசயனேட்டாக மாற்றிச் சமாளிக்கும். சிக்கல் அங்கேதான்: தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தயோசயனேட் தடுக்கும். (சிகரெட் பிடிப்பவர்கள் ரத்தத்திலும் இது கூடுதலாக இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை!)

உணவில் அயோடின் போதுமான அளவு இருந்தால் சுரப்பி தாக்குப்பிடிக்கும். காங்கோவில் கிவு ஏரி நடுவே இஜ்வி என்றொரு தீவு. தீவு முழுக்க அயோடின் பற்றாக்குறைதான். ஆனாலும் வடக்கே முன்கழுத்துக் கழலை (தைராய்டு சுரப்பி வீங்குவது) மிக அதிகம், தென்மேற்கே குறைவு. 1960களிலிருந்து அங்கே ஆராய்ந்தவர்கள் இந்த வித்தியாசத்துக்குச் சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 'காரி' என்கிற மரவள்ளி ரவை செய்யும் முறையைப் பாருங்கள். கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றிச் சில நாள் புளிக்கவிட்டு, அப்புறம் வறுப்பார்கள். துருவும்போது நொதி வேலையைத் தொடங்கும். சாறோடு கொஞ்சம் நஞ்சு வடியும். மிச்சத்தில் பெரும்பகுதி வறுக்கும்போது ஆவியாகும். காய்ந்த மாவுக்கும் ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஹோவர்ட் பிராட்பரி சொன்னது: மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நிழலில் மெல்லியதாகப் பரப்பி, 5 மணி நேரம் விட்டால் போதும். சயனைடு தானாகவே காற்றில் போய்விடும்.

பெரிய துண்டுகளாகக் கொதிக்கும் நீரில் போடுவது அவ்வளவு நல்லதல்ல. சூட்டில் நொதி சீக்கிரம் செத்துவிடும், லினமரின் உள்ளேயே தங்கிவிடும். நான் தோலைத் தடிமனாகச் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன், குழம்பில் சேர்ப்பதில்லை. கசக்கிற கிழங்கு என்றால் சமைக்காமலே தூக்கிப் போடுவேன்.

ஜவ்வரிசிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கிழங்கை அரைத்துக் கழுவிப் பிரித்த மாவில் செய்வதால் அதில் மிஞ்சுவது சொற்பம். சமையலுக்கு அயோடின் உப்பு போடுங்கள். தினமும் கிழங்கே சாப்பாடு என்கிற வீடாக இருந்தால் மட்டும் உங்கள் டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.