பரிசுக்குள் வைத்த துண்டுப்பிரசுரம்

போன கிறிஸ்துமஸுக்குப் பரிசோடு சுவிசேஷத் துண்டுப்பிரசுரமும் வைத்துக் கொடுத்ததிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இந்த வருஷம் எப்படிச் சுவிசேஷம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சங்கடத்தைத் தீருங்கள். "போன தடவை மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க அக்கா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அன்றைக்கு வேறு பேச்சு வேண்டாம். நானும் இதே தப்பைச் செய்தவன்தான். உள்ளே தாளை மடித்து வைத்ததும் பரிசு தூண்டிலாகிவிடுகிறது.

வேதாகமத்தில் 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லத்தான் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பீர்கள் என்றால் பார்க்கக் கூப்பிடுங்கள். "இயேசு ஏன் தொழுவத்தில் பிறந்தார்?" என்று கூட வரும் குழந்தையாவது கேட்கும். லூக்கா 2-ஆம் அதிகாரத்தை உங்கள் வார்த்தையில் இரண்டு நிமிஷம் சொல்லுங்கள்: சத்திரத்தில் இடமில்லை, பிள்ளையை முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தினார்கள், செய்தி முதலில் போனது ராத்திரியில் மந்தை காத்த மேய்ப்பர்களுக்கு. (பிள்ளையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை மூன்று ராஜாக்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களைப் பற்றி எழுதிய மத்தேயு எண்ணிக்கையும் சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை.)

அப்புறம், அவர்கள் பண்டிகைக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். ஆராதனைக்கு அழைப்பதென்றால் ஒரே தடவை. வரவில்லையென்றால் ஜனவரியிலும் அதே மாதிரி பேசுங்கள்.