“கடலுக்குப் போகணும்னு கேட்கிறான்... பயமாக இருக்கிறது!”

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். மாதா மாதம் சென்னைக்கு அழைத்துப் போகிறோம். கடுமையான கீமோ எல்லாம் முடிந்து இப்போது மெயின்டனன்ஸ் (நோய் திரும்பாமல் இருக்கத் தொடர்ந்து தருவது) மாத்திரையில் இருக்கிறான். போன வாரம் என் மகள் (14 வயது) டிவியில் ‘மை சிஸ்டர்ஸ் கீப்பர்’ என்ற ஆங்கிலப் படம் போட்டாள். அதில் புற்றுநோய் வந்த பெண் கடலைப் பார்க்க ஆசைப்படுகிறாள். அந்தக் காட்சி வரைக்கும் அவனும் பார்த்துவிட்டான். நான் சட்டென்று டிவியை நிறுத்திவிட்டேன். “அந்த அக்கா அப்புறம் என்ன ஆனாங்க?” என்றான். “குணமாயிட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து “கடலுக்குப் போகணும்” என்று ஒரே பிடிவாதம். கடைசி ஆசை மாதிரி கேட்கிறானோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. என் கொழுந்தனார், “எதையும் மறுக்காதீங்க அண்ணி, பிடிச்ச நடிகரைக்கூடப் பார்க்க வைக்கலாம்” என்கிறார். என்ன செய்வது?
- திண்டுக்கல் வாசகி

பதில்: முதலில் அவனிடமே கேளுங்கள் அம்மா, “கடல்னா ஏன் இவ்வளவு ஆசை?” என்று. நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் பயம் இருக்கிறது, கொழுந்தனாரின் யோசனை இருக்கிறது. அவன் எதற்காகக் கேட்கிறான் என்பது மட்டும் இல்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மாதா மாதம் சென்னைக்கு வருகிறீர்கள். எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், சோதனைக்கு ரத்தம் கொடுத்து, கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டுக்காக மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்து, ராத்திரி ரயிலில் ஊர் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னை என்றால் அந்தப் பையனுக்கு ஊசியும் பெஞ்சும்தான். அதே ஊரில் கடல் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். படத்தில் அதைப் பார்த்ததும் ‘நாமும் போகலாமே’ என்று தோன்றியிருக்கும். ஒன்பது வயசுப் பையன் கடல் கேட்பதற்குச் சாவு பயம்தான் காரணமாக இருக்க வேண்டுமா?

சரி, ஒருவேளை அந்தப் பயமும் இருக்கலாம். இந்த வயதில் பிள்ளைகளுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியும். அதனால் நீங்கள் சொன்ன பொய்யைத் திருத்தியாக வேண்டும். 2009-இல் வந்த அந்தப் படத்தில் கேட் என்ற அந்தப் பெண் இறந்துபோகிறாள். யூடியூபில் தேடினால் ரெண்டு நிமிஷத்தில் அவனே தெரிந்துகொள்வான். அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் சந்தேகத்தோடுதான் கேட்பான். “அன்னைக்கு அம்மா பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். படத்துல அந்த அக்கா செத்துப் போயிடுறாங்க. அவங்களுக்கு வந்தது வேற வகை, உனக்கு வந்தது வேற வகை” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

அந்தக் கதைக்கு மூலமான ஜோடி பிக்கோவின் நாவல் 2004-இல் வெளியானது. அதில் கேட்டுக்கு வந்தது ஏ.பி.எல். என்ற வேறு வகை ரத்தப் புற்றுநோய். நோய் திரும்பத் திரும்ப வந்து, சிறுநீரகமும் கெட்டுப்போன நிலை அவளுக்கு. (அந்த ஏ.பி.எல்.லையே இன்று பெரும்பாலோருக்குக் குணமாக்கிவிடுகிறார்கள். அதற்கு உதவும் மருந்துகளில் ஒன்று ஆர்சனிக், நம் ஊரில் பாஷாணம் என்று பயப்படும் அதே சரக்கு!) உங்கள் மகனுக்கு இருக்கும் ஏ.எல்.எல்.தான் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது. வசதியான நாடுகளில் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைத்துவிடுகிறார்கள். நம் ஊரிலும் நல்ல மையங்களில் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். அவன் நிலைமை என்னவென்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். “உனக்கு எதுவுமே ஆகாது” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். “வைத்தியம் நல்லா போகுது. ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன்” என்றால் போதும்.

இப்போது கடலுக்கு வருவோம். கூட்டிப் போங்கள். மெயின்டனன்ஸில் இருக்கும் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடமே போகிறார்கள். அடுத்த செக்கப்பில் கவுண்ட் பார்த்துவிட்டு, “பீச்சுக்குப் போகலாமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் அன்றைக்கே போகலாம், இதற்கென்று தனியாக ராமேஸ்வரம் பயணம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேண்டாம், வார நாளில் வெயில் தாழ்ந்து போங்கள். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிப்போகும், அதனால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இருக்கட்டும். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நரம்பில் வைத்த மெல்லிய குழாய்) இன்னும் இருந்தால் அலையில் இறங்கக் கூடாது, கரையில் மணல்வீடு கட்டட்டும். தள்ளுவண்டியில் கீறி, மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கும் மாங்காயைக் கண்டிப்பாகக் கேட்பான். அதற்கு மட்டும் தடா, கிருமி தொற்றிவிடும். எதிரிலேயே சுட்டுத் தரும் சோளத்தைக் கொடுக்கலாம். திரும்பி வந்தபின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கிற வேலையே கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

கொழுந்தனாரின் மனசு நல்ல மனசுதான். ஆனால் ‘கடைசி ஆசை’ என்ற பேச்சு அந்த வீட்டில் வேண்டாம். 1980-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ரத்தப் புற்றுநோய் வந்த 7 வயதுச் சிறுவன் போலீஸ்காரனாக ஆசைப்பட்டான். அங்குள்ள போலீஸார் அவன் அளவுக்குச் சீருடை தைத்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, பேட்ஜும் கொடுத்தார்கள். சில நாட்களில் அவன் இறந்துபோனான். அதிலிருந்து பிறந்ததுதான் ‘மேக் எ விஷ்’ அமைப்பு. இந்தியாவிலும் இருக்கிறது. ஆனால் சாகப்போகிற குழந்தைகளுக்கு மட்டும் என்ற விதி அதில் இல்லை. கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்கானது அது. அந்த ஆசை நிறைவேறி, நோயும் குணமாகி, வளர்ந்து பெரியவர்களானவர்கள் நிறைய. உங்கள் மகன் தானாக ஒரு நடிகர் பெயரைச் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம். அவன் கேட்டது கடல். நடிகரைப் பார்க்கணும் என்பது யாருடைய ஆசை என்று கொழுந்தனாரையே கேட்டுப் பாருங்கள்! அப்புறம், பீச்சில் பையன் சிரிப்பதை வீடியோ எடுத்து, உருக்கமான பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகளைப் பற்றியும் பேச வேண்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், “படம் போட்டாள்” என்பதைத் தவிர அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் படத்தின் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அக்காவைக் காப்பாற்றுவதற்காகவே பெறப்பட்ட தங்கை, இனி என் உடம்பிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று பெற்றோர் மேல் வழக்குப் போடுகிறாள். வீட்டில் ஒரு பையனும் இருக்கிறான், அவனை யாரும் கவனிப்பதே இல்லை. எத்தனையோ படம் இருக்க, உங்கள் மகள் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மாதா மாதம் நீங்கள் சென்னை போகும்போது அவள் யார் வீட்டில் இருக்கிறாள்? தம்பிக்கு எலும்பு மஜ்ஜை தர வேண்டியிருக்குமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ. ஏ.எல்.எல். வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படுவதே இல்லை என்று யாராவது அவளுக்குச் சொன்னார்களா? அப்படியே தேவைப்பட்டாலும், உடன்பிறந்தவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பொருந்தாவிட்டால் அது அவள் குற்றமும் இல்லை.

அடுத்த முறை அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள். அதற்கு முன்னால், தம்பி தூங்கியபிறகு, நிறுத்திய இடத்திலிருந்து அந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்து முடியுங்கள். நடுவில் அவள் ஏதாவது கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.