கேள்வி–பதில்: நினைவகப் பிழையை அறிவிக்கும் சி நிரலைச் சீராய்வது

கேள்வி: லினக்ஸ் கர்னலில் வன்பொருள் பிழைகளைக் கண்டறிந்து அறிவிக்கும் எடாக் (EDAC) பிரிவுக்காகச் சக பணியாளர் ஒருவர் எழுதியுள்ள டிரைவரைச் சீராயும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. நினைவகத்தில் ஈசிசி (ECC, பிழைதிருத்தும் குறியீடு) கண்டறியும் பிழைகளை அறிவிப்பதே அந்த டிரைவரின் பணி. சி மொழியை நன்கு அறிவேன், வன்பொருளில் பழக்கமில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அந்த நினைவகக் கட்டுப்படுத்தியின் வன்பொருள் கையேட்டை முதலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிழையை அறிவிக்கும் நிரல் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை; வன்பொருள் தன் ரெஜிஸ்டர்கள் (சிறு சேமிப்பிடங்கள்) சிலவற்றில் பதிந்து வைத்ததைப் படித்து, கணினியைப் பராமரிப்பவருக்குப் புரியும்படி எடுத்துரைப்பதே அதன் வேலை. ஆகவே வன்பொருள் சொல்லாத எதையேனும் இந்த நிரல் சொல்கிறதா என்ற கேள்வியை ஒவ்வொரு வரியிலும் எழுப்புவதே சீராய்பவரின் முதற்கடமை என்பது என் கருத்து.

இன்டெல் செயலிகளில் வன்பொருள் பிழைகளை அறிவிக்கும் மெஷின் செக் அமைப்பில், ஒவ்வொரு பேங்குக்கும் (பிழைப் பதிவு ரெஜிஸ்டர்களின் தொகுப்பு) 64 பிட் கொண்ட நிலை ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. பதிவு செல்லுபடியாகும் என்பதை 63ஆம் பிட்டும், பிழை திருத்தப்படவில்லை என்பதை 61ஆம் பிட்டும், முகவரி ரெஜிஸ்டரில் இருப்பதை நம்பலாம் என்பதை 58ஆம் பிட்டும் தெரிவிக்கின்றன. 58ஆம் பிட் பூஜ்யமாக இருக்கும்போது முகவரி ரெஜிஸ்டரைப் படித்தாலும் ஏதோ ஓர் எண் கிடைக்கத்தான் செய்யும். நிரலாளர் அந்தப் பிட்டைச் சோதிக்க மறந்திருந்தால் அந்த எண் பிழை நேர்ந்த இடமாகப் பதிவேட்டில் ஏறிவிடும். நினைவகத்தின் நல்ல பக்கம் (பேஜ்) ஒன்று பயன்பாட்டிலிருந்து விலக்கப்படும். பழுதான டிம் (DIMM, நினைவக அட்டை) தன் இடத்திலேயே இருக்கும்.

பிழை நேர்ந்த இடத்தைச் சுட்டும் சேனல் (தரவுத் தடம்), ரேங்க் (சில்லுத் தொகுதி), ஸ்லாட் (அட்டை செருகுமிடம்) ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான். எடாக் மையப்பகுதியிடம் பிழையை ஒப்படைக்கும்போது, இடத்தைக் குறிக்கும் மூன்று அடுக்குகளில் தெரியாத அடுக்குக்கு -1 தர வேண்டும் என்பது மரபு. பல டிரைவர்களில் மாறிகள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. கண்டறியும் பகுதி தோல்வியுற்றால் அந்தப் பூஜ்யமே தொடர்ந்து செல்கிறது. பூஜ்யம் என்பது முதல் சேனலின் பெயர் என்பதால், குற்றமற்ற முதல் டிம்மின் மீது பழி விழுகிறது. எல்லைக்கு வெளியே உள்ள அடுக்கு எண் வந்தால், மையப்பகுதி அதை உள்பிழையாகக் குறித்துவிட்டு, அந்த அடுக்கைத் தெரியாதது என மாற்றிக்கொண்டு, நினைவகப் பிழையை மட்டும் கைவிடாமல் அறிவிக்கிறது. இது நல்ல வடிவமைப்பு. ஆனால் எல்லைக்குள் இருக்கும் தவறான எண்ணை அதனாலும் பிடிக்க முடியாது. சிஎக்ஸ்எல் (CXL) என்ற இணைப்பு வழியே செயலியோடு சேரும் நினைவகச் சாதனங்கள் தரும் 128 பைட் நிகழ்வுப் பதிவிலும், சேனல், ரேங்க் போன்றவை செல்லுமா என்று கூறும் கொடிகள் தனியே உள்ளன. அவற்றைப் பார்க்காமல் புலங்களை மட்டும் அச்சிடும் நிரலை நான் ஏற்கமாட்டேன்.

பிறகு முகவரியின் அகலத்தைப் பாருங்கள். பக்க எண்ணை 32 பிட் மாறியில் வைத்து, 12 இடம் இடப்பக்கம் நகர்த்தி, விடையை 64 பிட் மாறியில் இடும் வரி பார்வைக்குச் சரியாகவே தோன்றும். நகர்த்தல் 32 பிட் அளவிலேயே நடந்து முடிந்துவிடுவதால், 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளின் மேற்பகுதி உதிர்ந்துபோகும். நகர்த்துவதற்கு முன்பே வகையை மாற்ற வேண்டும். சிறிய நினைவகமுள்ள சோதனைக் கணினியில் இந்தப் பிழை ஒருநாளும் தலைகாட்டாது.

படிக்கும் வரிசையும் கவனத்துக்குரியது. நிலை ரெஜிஸ்டரை அழித்துவிட்டு அதன் பின் முகவரியைப் படித்தால், இடைப்பட்ட நேரத்தில் வந்த வேறொரு பிழையின் முகவரி முந்தைய பிழையோடு ஒட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் படித்து முடித்த பின்னரே அழிக்க வேண்டும்.

கேள்வி: ஈசிசியால் திருத்தப்பட்ட பிழைகள் பெருகும்போது பதிவேடு நிரம்பிவிடுகிறது என்று சொல்லி, டிரைவரில் ரேட்லிமிட் (குறிப்பிட்ட நேரத்தில் வரும் செய்திகளுக்கான வரம்பு) சேர்த்திருக்கிறார்கள். இதை அனுமதிக்கலாமா?

பதில்: அச்சிடுவதை மட்டுப்படுத்தலாம், எண்ணுவதை மட்டுப்படுத்தக்கூடாது. கர்னலின் வழக்கமான ரேட்லிமிட் 5 விநாடிக்கு 10 செய்திகளை அனுமதிக்கிறது. அந்தச் சோதனையைச் செயற்கூற்றின் தொடக்கத்திலேயே வைத்துத் திரும்பிவிட்டால், பதினோராவது பிழையிலிருந்து எண்ணிக்கையும் நின்றுவிடும். ரேஸ்டீமன் போன்ற பிழைப்பதிவுக் கருவிகள், கர்னல் வெளியிடும் டிரேஸ் நிகழ்வுகளைக் கொண்டே பிழைகளைச் சேமிக்கின்றன என்பதால், அவற்றுக்கும் எதுவும் போய்ச் சேராது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான டிம்களில் திருத்தப்பட்ட பிழை ஒன்றாவது தோன்றியதாகக் கூறியது. பிழை கண்ட டிம்மில் மேலும் பிழை தோன்றும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் காட்டியது. எந்த டிம்மை மாற்றுவது என்ற முடிவு எண்ணிக்கையின் போக்கைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

வன்பொருளே எண்ணிக்கை வைத்திருந்தால், டிரைவர் 1 என்று அனுப்பாமல் அந்த எண்ணிக்கையை அனுப்புகிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் 16 பிட் எண்ணி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய மதிப்பு 65530, இப்போதைய மதிப்பு 4 என்றால் வித்தியாசம் 10 ஆக வேண்டும்; ஆனால் சி மொழி 16 பிட் எண்களைக் கழிக்கும் முன் இன்ட் வகைக்கு உயர்த்திவிடுவதால் -65526 கிடைக்கும். விடையை மீண்டும் 16 பிட் வகைக்கு மாற்றினால்தான் கணக்கு நேராகும். இன்டெல் நிலை ரெஜிஸ்டரின் 62ஆம் பிட், இடம் போதாமல் சில பதிவுகள் விடுபட்டன என்பதைக் காட்டுகிறது. அது எழும்பியிருந்தால் அறிவிப்பில் அதையும் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: பிழைச்செய்தியை எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf, உரையைப் பஃபர் எனும் தற்காலிக இடத்தில் எழுதும் செயற்கூறு) கொண்டு துண்டு துண்டாகச் சேர்க்கும் நிரல் பாதுகாப்பானதா?

பதில்: திருப்பிவரும் மதிப்பை அப்படியே கூட்டிக்கொண்டு போனால் பாதுகாப்பானதன்று. அந்தச் செயற்கூறு உண்மையில் எழுதிய நீளத்தைத் திருப்புவதில்லை. இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்குமோ அந்த நீளத்தைத் திருப்புகிறது. பஃபர் நிறைந்த பிறகு, மீதமுள்ள இடம் என்று கணக்கிடப்படுவது எதிர்மறையாகி, குறியற்ற வகையில் மிகப்பெரிய எண்ணாக உருமாறும். கர்னலுக்குள் இதற்கு ஓர் எச்சரிக்கைத் தடுப்பு உண்டென்றாலும் அதை நம்பி எழுதுவது முறையாகாது. எஸ்சிஎன்பிரிண்ட்எஃப் (scnprintf) என்ற கர்னல் செயற்கூறு, உண்மையில் எழுதிய நீளத்தையே தரும். அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். டிம் பெயர்கள் ஃபர்ம்வேரிலிருந்து (வன்பொருளோடு வரும் அடிப்படை நிரல்) வருபவை. அவற்றின் நீளத்தை நிரலாளர் முன்கூட்டி ஊகிக்க இயலாது.

கேள்வி: மெஷின் செக் அவசர அழைப்பு (பிழை நேர்ந்ததும் செயலி எழுப்புவது) வந்தவுடனேயே எல்லா விவரத்தையும் கணக்கிட்டு அச்சிட்டுவிட்டால் என்ன தவறு?

பதில்: அந்தக் கணத்தில் செயலி எந்த லாக்கையும் (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி காக்கும் பூட்டு) பிடித்திருக்கலாம். அதே லாக்கை உங்கள் நிரலும் கேட்டால் கணினி அங்கேயே உறைந்துவிடும். நினைவகம் ஒதுக்குவது, மியூடெக்ஸ் என்ற வகைப் பூட்டுக்காகக் காத்திருப்பது ஆகியவையும் கூடாது. மூலப் பதிவை முன்பே ஒதுக்கிய, லாக் தேவையற்ற இடத்தில் வைத்துவிட்டு, முகவரியை டிம்மாக மாற்றும் கணக்கைப் பின்னர் வேறு சூழலில் செய்ய வேண்டும். சீராயும்போது, கையாளும் செயற்கூறு அழைக்கும் ஒவ்வொன்றையும் அடி வரை தொடர்ந்து செல்லுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

கேள்வி: பழுதான டிம் கைவசம் இல்லாமல் இவற்றைச் சோதிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். பிழைத்திருத்த வசதியோடு கட்டப்பட்ட கர்னலில் எடாக் தரும் ஃபேக் இன்ஜெக்ட் (போலிப் பிழை புகுத்தும்) கோப்பு, அறிவிப்பின் மேற்பகுதியை மட்டும் இயக்கிப் பார்க்க உதவும். உங்கள் டிரைவரின் ரெஜிஸ்டர் படிப்பை அது தொடுவதில்லை. ஃபர்ம்வேர் ஆதரிக்கும் சர்வர்களில் ஏசிபிஐ (ACPI) தரநிலையின் ஐன்ஜ் (EINJ) வசதி வன்பொருள் வழியாகவே பிழையைப் புகுத்தும். இரண்டிலும் முகவரி செல்லாத பதிவு இயல்பாகக் கிடைப்பது அரிது. அதற்காக, ரெஜிஸ்டர் மதிப்பை உள்ளீடாகப் பெற்று விளக்கம் தரும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து எழுதும்படி கேளுங்கள். 58ஆம் பிட் பூஜ்யமான மதிப்பு ஒன்றைக் கையால் கொடுத்து, மூன்று அடுக்குகளும் -1 ஆக வெளிவருகின்றனவா என்று கர்னலின் சோதனைக் கட்டமைப்பான கேயூனிட்டில் சோதித்துவிடலாம்.