பகு எண் என்று தெரிந்தும் காரணிகள் தெரியாமல் இருக்குமா?

இருக்கும். 2^67 − 1 என்ற 21 இலக்க எண்ணைப் பாருங்கள்: 147573952589676412927. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்றார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா (Lucas) அது தவறு என்று நிறுவினார், ஆனால் ஒரு காரணிகூடக் கையில் இல்லை!

அவருடைய சோதனையின் இன்றைய வடிவம் இது: 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2 கழித்து, நம் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 65 முறை. கடைசியில் பூஜ்யம் வராவிட்டால் பகு எண்தான். வகுப்பானைத் தேடவே வேண்டாம்.

காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதவியலர் கோல் காட்டினார்: 193707721 × 761838257287. கண்மூடித்தனமாகத் தேட வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். சரிபாருங்கள்: 134 × 1445580 + 1 = 193707721. அப்படியும் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்ததாம்.