இறால் தலையில் இருக்கிறது ருசி
வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். இட்லி மாவு புளிக்கவில்லை, ரசப்பொடி வண்டு பிடித்துவிட்டது என்ற கேள்விகள் குறைந்து, பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் சாப்பாட்டைப் பற்றிய கேள்விகள் குவியும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கடலுணவுக் கிரீம் பாஸ்தாவைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே செய்தேன். பேரங்காடியில் விற்கும் உறையவைத்த கடலுணவுக் கலவையை வாங்கி, வெண்ணெயில் வதக்கி, கிரீம் ஊற்றிக் கொதிக்க விட்டேன். தண்ணீராய் ஓடியது, இறால் ரப்பராகிவிட்டது, கிரீமும் திரிந்துபோனது. எங்கே தவறு, அக்கா?*
– ஈசூன் வாசகி

முதலில் அந்தக் கலவைப் பொட்டலத்தை விட்டுவிடுங்கள். தோலுரித்த இறால், சோத்தோங் (கணவாய்) வளையம், சிப்பிச் சதை எல்லாம் அதில் ஒன்றாய்க் கிடக்கும். ஒவ்வொன்றும் வேகும் நேரம் வேறு. சிலவற்றை ஏற்கெனவே ஒருமுறை வேகவைத்தும் இருப்பார்கள். சட்டியில் போட்டதும் பனி உருகித் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் இறால் இறுகிவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, அதில் தலையும் இல்லை, ஓடும் இல்லை. இந்தச் சாப்பாட்டுக்குக் கிரீம் தருவது வழவழப்பு மட்டுமே. ருசி இறால் தலையிலிருந்து வர வேண்டும்.

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் நண்டின் சதைப்பகுதியைக் குழம்புக்கு ஒதுக்கிவிட்டு, கால்களை அம்மியில் தட்டி ரசத்தில் போடுவார் அம்மா. அந்த ரசத்துக்குத்தான் வீட்டில் போட்டி நடக்கும். இங்கே சிங்கப்பூரில் இறால் மீ (நூடுல்ஸ்) கடைக்காரர்கள் செய்வதும் அதே வேலைதான். தலையையும் ஓட்டையும் எண்ணெயில் வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சிச் சாறு இறக்குகிறார்கள். பாஸ்தாவுக்கும் அதையே செய்யுங்கள்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ இறால், தலையோடு வாங்குங்கள். தலையையும் ஓட்டையும் தனியே எடுத்து, முதுகு நரம்பை நீக்கி, சதையை ஈரம் போகத் துடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அகலமான வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தலையையும் ஓட்டையும் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி வறுங்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். பச்சை இறாலில் அந்தச் சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து, சாம்பலும் நீலமுமாகத் தெரியும். சூடுபட்டதும் புரதம் விட்டுப்போய் நிறம் வெளியே வருகிறது. அஸ்டாசாந்தின் என்பது அந்த நிறமியின் பெயர். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால்தான் முதலில் எண்ணெயில் வறுக்கச் சொல்கிறேன். நேரே தண்ணீரில் கொதிக்கவைத்தால் நிறமும் மணமும் பாதிதான் இறங்கும்.

வறுபட்டதும் நசுக்கிய பூண்டு நான்கு பல், ஒரு தேக்கரண்டி தக்காளி விழுது சேர்த்துக் கிளறி, 600 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். இருபது நிமிடம் மிதமாகக் கொதித்தால் போதும். நெடுநேரம் விட்டால் கசக்கும். வடிகட்டும்போது தலைகளை நன்றாக நசுக்கிப் பிழியுங்கள், கடைசிச் சொட்டில்தான் சாரம். பிறகு அந்தச் சாற்றை ஒரு கோப்பை, அதாவது 250 மில்லி ஆகும்வரை வற்றவையுங்கள்.

இப்போது வேறு சட்டியைப் புகை வரும் அளவுக்குச் சூடாக்குங்கள். இறால் பக்கத்துக்கு ஒரு நிமிடம். பிறை போல் வளைந்தால் எடுத்துவிடுங்கள், வட்டமாகச் சுருண்டுவிட்டால் காலம் கடந்துவிட்டது. சோத்தோங் வளையங்களுக்கும் மொத்தமே ஒரு நிமிடம்தான். ஒரு நிமிடம் தாண்டினால் சோத்தோங் கடினமாகும், அதன்பின் அரை மணி நேரம் வேகவைத்தால்தான் மறுபடி மிருதுவாகும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் மெல்ல முடியாது. இரண்டையும் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

வற்றிய சாற்றில் 200 மில்லி கிரீம் விட்டு, கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டும்வரை சிறுதீயில் வையுங்கள். பாஸ்தா 400 கிராம், 3 லிட்டர் தண்ணீரில், ஒன்றரை மேசைக்கரண்டி உப்போடு வேகட்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்து, கிரீம் சாற்றில் போட்டுப் புரட்டுங்கள். மீதி வேக்காடு அந்தச் சாற்றிலேயே நடக்க வேண்டும். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! அதில் இறங்கியிருக்கும் மாவுச்சத்துதான் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கட்டிப்போடுகிறது. ஒரு கோப்பை எடுத்துவைத்து, இறுகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இறாலும் சோத்தோங்கும் திரும்பி உள்ளே போவது கடைசி அரை நிமிடத்தில்தான்.

*குக்கிங் கிரீம், விப்பிங் கிரீம், திக்கன்ட் கிரீம் என்று அலமாரி நிறைய இருக்கின்றன. எதை வாங்குவது? ஐடியல் என்னும் நீர் வற்றவைத்த டின் பாலோ தேங்காய்ப்பாலோ ஊற்றினால் என்ன?*
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பெட்டியின் பின்பக்கம் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். 35 விழுக்காடு கொழுப்புள்ள விப்பிங் கிரீம் கொதியையும் கொஞ்சம் புளிப்பையும் தாங்கும். கொழுப்பு கூடினால் திரியக்கூடிய பால் புரதம் குறைவு, அதுதான் காரணம். குக்கிங் கிரீமில் கொழுப்பு குறைவு என்றாலும், திரியாமலிருக்க நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள். அதுவும் நன்றாகவே வரும். கேக் அலங்கரிக்க விற்கும் பால் கலக்காத கிரீமை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும்.

ஐடியல் பாலை மீன் பீஹூன் (அரிசிச் சேமியா) சூப்பில் ஊற்றிச் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம், எனவே கடலுணவோடு அது ஒத்துப்போகும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அது கெட்டிப்படாது. அரைப் பங்கு அதுவும் அரைப் பங்கு கிரீமும் கலந்தால் வயிறு கனக்காத சாறு கிடைக்கும். தேங்காய்ப்பால் ஊற்றினால் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது சொதிப் பக்கம் போய்விடும். எனக்குச் சொதியும் பிடிக்கும், அதற்கு இடியாப்பம் போதுமே.

கிரீமை அள்ளிக் கொட்டினால்தான் உணவகச் சுவை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ரோமில் பிறந்த அல்ஃப்ரெடோ பாஸ்தாவில் கிரீமே கிடையாது. வெண்ணெய், பார்மசான் சீஸ், பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். கிரீம் சேர்க்கும் பழக்கம் அமெரிக்கா போன பிறகு வந்தது. ஆகவே ஆளுக்கு 50 மில்லிக்குமேல் வேண்டாம் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக இல்லை. அதைத் தாண்டினால் இறாலின் ருசி மூழ்கிவிடும்.

*செய்முறைகளில் எல்லாம் வெள்ளை வைன் ஊற்றச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஆகாது. பார்மசான் சீஸும் ஹலாலா என்று உம்மா கேட்கிறார்கள்.*
– உட்லண்ட்ஸ் வாசகி

வைன் இதில் தருவது புளிப்பும் கொஞ்சம் மணமும்தான். லாலா என்னும் சிறு சிப்பியைக் கால் கிலோ வாங்கி, மூடிபோட்ட சட்டியில் பூண்டோடு வேகவையுங்கள். வாய் திறந்ததும் சட்டியில் தேங்கும் உப்புச் சாறு வைனைவிட நல்லது என்பேன். அதை மெல்லிய துணியில் வடிகட்டி இறால் சாற்றோடு சேருங்கள். புளிப்புக்கு லிமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சை இரண்டைப் பிழியுங்கள், ஆனால் அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும்போது பிழிந்தால் கிரீம் திரியும்.

உங்கள் உம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. அசல் பார்மசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கப்படுகிறது. சைவ உணவுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நுண்ணுயிர் உறைபொருள் சேர்த்த வகைகள் கிடைக்கின்றன, ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் சீஸே வேண்டாம். இத்தாலியில் பலரும் கடலுணவுப் பாஸ்தாமேல் சீஸ் தூவுவதில்லை, மீனின் மென்மையான மணத்தை அது அடித்துவிடும் என்பார்கள். தெற்கு இத்தாலியில் ரொட்டித்தூளை ஆலிவ் எண்ணெயிலும் பூண்டிலும் பொன்னிறமாக வறுத்து மேலே தூவுவார்கள். மொறுமொறுவென்று அது தரும் சுகமே தனி.

*மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்படை வரும் என்று மாமியார் தட்டையே தொட மறுக்கிறார். அவரைப் பட்டினி போட்டுவிட்டு நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?*
– செங்காங் வாசகி

உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. மாமியார் சொல்வதற்கு நீண்ட மரபு உண்டு. ஆயுர்வேத நூல்கள் மீனையும் பாலையும் ஒவ்வாத சேர்க்கை என்கின்றன. ஆனால் இன்றைய மருத்துவம், நோய் எதிர்ப்புச் சக்தி தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களையே தாக்குவதால் வெண்படை வருகிறது என்கிறது. மீனும் பாலும் அதற்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது தொற்றுநோயும் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெண்படை உள்ளவர்களைப் பார்த்து, எதையோ தின்று வந்தது என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு அவர்களை எவ்வளவு வாட்டும்!

அதற்காக ஒரு பெரியவரின் நம்பிக்கையோடு சாப்பாட்டு மேசையில் வாதாட வேண்டாம். கிரீம் ஊற்றுவதற்கு முன்பே இறால் சாற்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, ஆலிவ் எண்ணெய், பூண்டு, கிள்ளிய காய்ந்த மிளகாய் சேர்த்து அவருக்கு மட்டும் பாஸ்தா புரட்டிக் கொடுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்களுக்கும் இதுவே வழி.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, இறால் ஒவ்வாமை. அதற்குக் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் கொடுப்பதும் ஆபத்துதான். விருந்தாளிகளிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

*வேலை முடிந்து வீடு வர இரவு 7 ஆகிறது. ஈரச்சந்தைக்குப் போகவே முடியாது.*
– பொங்கோல் வாசகர்

முழு இறாலாக, தலையோடு உறையவைத்ததை வாங்குங்கள். பிடித்ததும் உடனே உறையவைத்த இறால், நாள் முழுக்கப் பனிக்கட்டிமேல் கிடந்ததைவிட நன்றாகவே இருக்கும். முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் நீரை வடித்துத் துடைத்துவிடுங்கள். சனி, ஞாயிறு காலையில் தேக்கா ஈரச்சந்தைக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை பல மீன்கடைகள் மூடியிருக்கும், அன்று போய் ஏமாற வேண்டாம். இறால் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், அம்மோனியா வாடை வீசக்கூடாது. லாலாவைத் தட்டினால் ஓடு மூட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் லிட்டருக்கு 30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கிவிடும். மீன் சேர்க்க விரும்பினால் கொடுவா போதும். இங்கேயே கடற்பண்ணைகளில் வளர்க்கிறார்கள், சதையும் உடையாது.

*மிஞ்சினால் மறுநாள் சாப்பிடலாமா?*
– பிடோக் வாசகி

சமைத்து 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட்டால் சாப்பிடலாம். லாலாவை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். சிறுதீயில் கொஞ்சம் பால் விட்டு, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.

*அக்கா, நான் தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது அம்மா அப்பாவின் திருமண நாளுக்கு இதைச் செய்ய ஆசை. இதுவரை மேகி மீ தவிர எதுவும் சமைத்ததில்லை. அப்பாவுக்குக் காரம் வேண்டும்.*
– தோ பாயோவிலிருந்து ஒரு தம்பி

தம்பி, உன் கடிதத்தைப் படித்து மனம் நிறைந்துபோனது. உன்னால் முடியும். வேலையை முன்கூட்டியே பிரித்துக்கொள், அது போதும். லாலா வேண்டாம், இறாலும் சோத்தோங்கும் மட்டும் வை. மூன்று பேருக்கு 300 கிராம் பாஸ்தா, 150 மில்லி கிரீம். மற்றவற்றையும் மேலே சொன்ன அளவில் முக்கால் பங்காக எடுத்துக்கொள்.

சாறு காய்ச்சும் வேலையை மாலையிலேயே முடித்துவிடு, அது காத்திருக்கும். காரத்துக்குக் காய்ந்த மிளகாய் நான்கைக் கிள்ளி இறால் தலையோடு வறு, கடைசியில் மிளகை இடித்துத் தூவு. கறிவேப்பிலை போட்டாலும் நான் கோபப்பட மாட்டேன். மசாலாத்தூள் மட்டும் வேண்டாம், இறாலின் ருசி அமுங்கிப்போகும்.

7.30க்குச் சாப்பாடு என்றால் 7 மணிக்குத் தண்ணீரை அடுப்பில் ஏற்று. கொதித்ததும் உப்பும் பாஸ்தாவும் போடு. பாஸ்தா வேகும் நேரத்தில் இறாலையும் சோத்தோங்கையும் பொரித்து எடு, மற்ற அடுப்பில் சாற்றில் கிரீமைச் சேர். தட்டுகளை வெந்நீரில் கழுவித் துடைத்து வை, குளிர்ந்த தட்டில் கிரீம் உடனே உறைந்துவிடும். இந்தச் சாப்பாடு ஆளுக்காகக் காத்திருக்காது, ஐந்து நிமிடத்தில் இறுகிப்போகும். அதனால் பாஸ்தா தண்ணீரில் இறங்கும்போதே அம்மா அப்பாவை மேசைக்கு அழைத்து உட்காரவைத்துவிடு. அம்மா உதவிக்கு எழுந்து வந்தால் சமையலறைக்குள் விடாதே.