மதுரையிலிருந்து ஒரு நாளில் கடலும் நீர்ப்பூங்காவும்: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் கடலுக்கும் நீர்ப்பூங்காவுக்கும் போய்வரத் திட்டமிடும் மதுரை வட்டாரத்தினர் அனுப்பிய கேள்விகளுக்கு, நீச்சல் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையிலும், இராமநாதபுரம் கடற்கரைக்குக் குழுக்களை அழைத்துச் செல்பவன் என்ற முறையிலும் இங்கே பதில் எழுதுகிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்: எங்களுக்கு ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியாரும் உடன் வருகிறார்கள். விடியற்காலையில் கிளம்பி இராமேஸ்வரம் கடலில் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் அதிசயம் நீர்ப்பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று என் கணவர் சொல்கிறார். ஒரே நாளில் இது முடியுமா?

முடியாது அம்மா; முயல வேண்டாம் என்றே சொல்வேன். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை சாலை அகலமாக இருந்தாலும், அதன் பிறகு வேகம் குறையும். விடுமுறை நாளில் பாம்பன் பாலத்தில் வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆறு மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடுகிறது. அதிசயமோ திண்டுக்கல் சாலையில் பரவையில், அதாவது நகரின் மறுபக்கத்தில் இருக்கிறது. உப்பு நீரிலும் வெயிலிலும் களைத்துப்போன ஆறு வயதுப் பிள்ளையை மாலையில் சறுக்குக்குழாயில் ஏற்றினால், அந்தப் பிள்ளைக்கும் மகிழ்ச்சி இருக்காது, பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் கவனம் இருக்காது. நீரில் நேரும் விபத்துகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் களைத்திருக்கும் நேரத்தில்தான் நேர்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

கடலுக்கு ஒரு நாளும், பூங்காவுக்கு வேறொரு நாளும் ஒதுக்குங்கள். பரவை உங்களுக்குப் பக்கம். வாரநாளில் காலையில் போய்ப் பிற்பகலில் வீடு திரும்பிவிடலாம். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். மாமனார், மாமியாரின் விருப்பம் இராமநாதசுவாமி கோயிலும் அக்னி தீர்த்தமும் என்றால், அதைத் தனிப் பயணமாக, குளிர்ந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாள்களில் நகருக்குள் வண்டி எடுப்பதையும், அமாவாசை நாள்களில் இராமேஸ்வரம் போவதையும் தவிர்த்துவிடுங்கள்.

செல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மே மாதக் கடைசியில் நாங்கள் எட்டுப் பேர் போகிறோம். தனுஷ்கோடியா, அரியமானா? எந்தக் கடல் நல்லது?

இந்தக் கேள்விக்குக் காற்றைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மண்டபம் நிலமுனையும், இராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் இருக்கும் பாம்பன் தீவும் இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கின்றன. வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் வழங்குவார்கள். மே மாதக் கடைசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுக்கத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் ஆட்சிதான். அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், நிலத்தின் மறைவில் இருக்கும் வடகடல் அமைதியாகக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே நீங்கள் போகும் நாளில் குளிப்பதற்கு ஏற்றது வடகடல். உச்சிப்புளியை அடுத்த அரியமான் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சவுக்கு மர நிழல் உண்டு, கரையோரத்தில் ஆழமும் குறைவு.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அரியமான் கரை வடக்கு நோக்கியது. கச்சான் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை இல்லாததற்குக் காரணமான அதே காற்று, நீங்கள் காற்றடைத்த டியூபிலோ ரப்பர் மெத்தையிலோ படுத்திருந்தால், உங்களை மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போகும். நீர் அசையாமல் இருப்பதால் நகர்வதே தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது சவுக்குத் தோப்பு எட்டாத தொலைவில் இருக்கும். கரையில் ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து உயர்த்தி விட்டுப் பாருங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் அன்று டியூபையும் காற்றடைத்த பொம்மைகளையும் வண்டியைவிட்டு இறக்க வேண்டாம். டியூபைப் பிடித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டவர், அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தலாம் என்று நினைக்கக் கூடாது. அதையே பற்றிக்கொண்டு ஒரு கையை உயர்த்தி ஆட்டி உதவி கேட்க வேண்டும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒருவர்: தனுஷ்கோடிக்குப் போய்விட்டு அரிச்சல்முனையில் குளிக்காமல் வருவதா? மச்சான்மார் எல்லாரும் அங்கே இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள்.

பாருங்கள், படம் எடுங்கள், இறங்காதீர்கள். அரிச்சல்முனை என்பது இரண்டு கடல்களும் மோதும் மணல்முனை. அங்கே நீரோட்டத்தின் திசை மாறிக்கொண்டே இருக்கும். கரை சரிந்து சட்டென்று ஆழமாகும். முழங்கால் நீரில் நிற்கும்போதே காலடி மணல் அரித்துக்கொண்டு போகும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் ஓர் ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் அடித்துச் சென்ற இடம் அது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் வழியில் இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் மச்சான்மார் குளித்தே ஆக வேண்டும் என்றால், திரும்பும் வழியில் அக்னி தீர்த்தத்திலோ அரியமானிலோ இறங்கட்டும்.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்: வெறுமனே குளிப்பதல்ல, சாகசமாக ஏதாவது செய்ய வேண்டும். ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

நீச்சல் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. உச்சிப்புளி அருகே பிரப்பன்வலசையில், பலகையில் நின்றபடி துடுப்பு போடுவதையும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டுவதையும் பயிற்றுநர் துணையோடு செய்யலாம். பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் விளையாட்டும் அந்தக் கடற்கரையில் நடக்கிறது. ஆனால் அது ஒரு நாளில் கைவராது, பல நாள் பயிற்சி வேண்டும் என்பதால் ஒரு நாள் பயணத் திட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். கூட்டத்தில் பயந்தவர்கள் அதிகம் இருந்தால், நான் காரங்காட்டைச் சொல்வேன். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகப் போனால் தொண்டிக்குத் தெற்கே இருக்கிறது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். காலையில் போனால் பறவைகளைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. கரையில் யாராவது தனியாக வந்து தீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால் ஏறாதீர்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பது குற்றம்.

உயிர்காப்புச் சட்டையை எங்கே கொடுத்தாலும், நீரில் இறங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பட்டைகளை இழுத்து இறுக்கிய பின், பக்கத்தில் நிற்பவரைச் சட்டையின் இரு தோள்களையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை நகர்ந்து காதுக்கு ஏறினால் அது உங்களுக்குப் பெரியது. நீரில் உடல் கீழே போகும், சட்டை மட்டும் மிதக்கும். சிறுவர்களுக்குத் தொடைகளுக்கு நடுவே பூட்டும் பட்டை உள்ள சட்டைதான் வேண்டும். கொக்கி உடைந்த சட்டையைக் கயிற்றால் கட்டித் தந்தால், கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு தந்தை: கடல் உள்ளே இழுத்துவிட்டது என்று செய்தியில் படிக்கிறோம். அமைதியான நாளிலும் இது எப்படி நடக்கிறது? அப்போது என்ன செய்ய வேண்டும்?

கரைக்கு வந்த அலைநீர் எல்லாம் ஏதோ ஒரு வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது ஓர் ஒடுக்கமான வாய்க்கால் போலத் திரண்டு உள்நோக்கி ஓடும் இடத்தில்தான் ஆள் இழுக்கப்படுகிறார். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் நீர் கலங்கித் தெரிந்தால் அதுவே அந்த இடம். இறங்க வசதியாகத் தோன்றுவதும் அதுதான், அங்கே இறங்காதீர்கள். சிக்கிக்கொண்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் கை சோர்ந்துவிடும். கரைக்கு இணையாக, இடது பக்கமோ வலது பக்கமோ நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியேறிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். அதற்கும் வலு இல்லை என்றால் மல்லாந்து மிதந்தபடி கை அசையுங்கள். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது; ஒருவரை மீட்கப் போய் இருவர், மூவர் இறந்துபோவது அப்படித்தான். காலியான தண்ணீர்க் கேன், கயிறு, வேட்டி என்று கைக்குக் கிடைத்ததை வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, ஆம்புலன்சுக்கான 108 ஆகிய எண்களைப் புறப்படும் முன்பே எல்லார் கைப்பேசியிலும் ஏற்றிவையுங்கள்.

அமைதியான நாளில் நடப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஏப்ரல், மே மாதங்களில், தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று எழுப்பும் நெடிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து கரையில் ஏறும். கள்ளக்கடல் என்று தென்கோடி மீனவர்கள் சொல்வது இதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாதில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. முதல் நாள் இரவு அதைப் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் அன்று கடலைக் கைவிட்டுப் பரவைக்குப் போய்விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காமல், ஒன்று முடியாவிட்டால் மற்றொன்று என்று வைத்திருப்பவர்களுக்கு இந்த முடிவை எடுப்பது எளிது.

சிவகங்கையிலிருந்து ஒருவர்: சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் என்ன வைத்தியம்?

தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டுமே ஒட்டியிருக்கும் நச்சு இழைகளைக் கிளறிவிடும். கடல்நீரால் அலசி, ஒட்டியதை அட்டையாலோ குச்சியாலோ மெல்ல எடுத்த பின், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும். மூச்சு திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: எங்களிடம் கார் இல்லை. ரயிலில் போக முடியுமா?

முடியும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் ரயில் மீண்டும் இராமேஸ்வரம் வரை போகிறது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு மண்டபத்திலேயே இறங்க வேண்டியிருந்த சிரமம் இப்போது இல்லை. பேருந்து என்றால் மாட்டுத்தாவணியில் ஏற வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ரயிலே என் தேர்வு. கடல்மேல் ரயில் போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே அவர்கள் சன்னலைவிட்டு நகர மாட்டார்கள்.

அண்ணாநகரிலிருந்து ஒரு பெண்மணி: நீர்ப்பூங்காவில் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்களாமே? என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர் வரலாமா?

பருத்தி உடையை அனுமதிக்காததற்கு நியாயம் இருக்கிறது. நனைந்த பருத்தி கனத்து உடலை இழுக்கும். துப்பட்டாவும் நாடாவும் சறுக்குக்குழாயின் இணைப்புகளில் மாட்டிக்கொள்ளும். முழங்கை, முழங்கால் வரை மறைக்கும் நைலான் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. முன்பே வாங்கிவைத்துக்கொண்டால், அங்கே வாடகை உடைக்காக வரிசையில் நிற்க வேண்டாம். தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அம்மா தாராளமாக வரலாம். ஆனால் அவருடைய பாதங்களைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது. கத்திரி வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடந்து, மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ரப்பர் காலணி அணியச் செய்து, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால்களை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இதய நோயாளிகளும் கருவுற்றவர்களும் சறுக்குகளில் ஏறக் கூடாது.

அலைக்குளத்தில் பிள்ளைகளை விடும்போது கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, நின்ற நிலையிலேயே அமிழ்ந்துபோகும். கூட்டத்தின் இரைச்சலில் காது எதற்கும் உதவாது, கண்தான் வேண்டும். கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குங்கள்.

பரமக்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்: மாணவர்கள் கரையில் கிடக்கும் பவளத்துண்டுகளை எடுத்துவருகிறார்கள். அதில் தவறு இருக்கிறதா?

இருக்கிறது ஐயா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தையும் கடல் அட்டையையும் கடல் குதிரையையும் காக்கிறது; உயிரற்ற பவளத்துண்டும் அதில் அடங்கும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். கடைகளில் விற்பதையும் வாங்க விடாதீர்கள்.

கே.கே. நகரிலிருந்து ஓர் ஓட்டுநர்: கடலிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

பிற்பகல் நான்கு மணிக்கு. ஓட்டுபவர் அன்று கடலில் அதிக நேரம் ஆடக் கூடாது, மதியம் ஒரு மணி நேரமாவது நிழலில் கண்ணயர வேண்டும். பரமக்குடியில் நிறுத்தித் தேநீர் குடித்து, முடிந்தால் அங்கே ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.