ஒரே ஓபினெல் கத்தியை ஏன் விதவிதமா வாங்கிச் சேர்க்கறாங்க?

வேரியேஷன் கலெக்ஷன்னா ஒரே டிசைன்ல இருக்கற சின்னச் சின்ன வித்தியாசங்களைத் தேடித் தேடிச் சேர்க்கறது. ஓபினெல் மடக்குக் கத்தி 1890-ல பிரான்ஸ்ல சவோய் பக்கம் ஆரம்பிச்சது, உருவம் இன்னைக்கும் கிட்டத்தட்ட அதேதான், அதனாலதான் எது மாறினாலும் பளிச்னு கண்ணுல படுது. 8-ம் நம்பர் சைஸ் கத்தியைக் கையில எடுத்து பிளேடு கழுத்தைப் பாருங்க, பிளேடைப் பூட்டத் திருகுற ஸ்டீல் வளையம் இருக்கும், அது 1955-ல வந்தது, அந்தத் திருகு வளையம் இல்லாத பழைய 8 கிடைச்சா பெரும்பாலும் அதுக்கு முந்தினது, அந்த சந்தோஷமே தனி! அப்புறம் பிடி, பீச் மரம், ஆலிவ், வால்நட்னு போகும். நம்ம ஒரு ரூபாய் காசுல வருஷத்துக்குக் கீழ, எந்த நாணயச்சாலையில அடிச்சதுன்னு காட்டற குறி புள்ளியா நட்சத்திரமா வைரமான்னு பார்த்து தனித்தனியா எடுத்து வைப்பாங்கல்ல, அந்த மாதிரிதான்.

நம்பர் கூடினா தரம் கூடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இல்லைங்க, அது சைஸ் மட்டும்தான், 8-ல பிளேடு 8.5 செ.மீ., 12-ல 12 செ.மீ.